தொட்டியில் ஊறும் சந்தனம்

விலாயத் புத், சைனா புத், பஞ்சம். இவை பௌத்த மடங்களின் பெயர்கள் அல்ல. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மறையூர் வனத்துறைக் கிடங்கில் சந்தனக் கட்டைகளைத் தரம் பிரிக்கும்போது இன்றும் வழங்கும் பெயர்கள். ஏலம் கணினிக்கு மாறிவிட்டது. வாங்குபவர் மைசூரில் உட்கார்ந்தபடியே விலை கேட்கலாம். பெயர்கள் மட்டும் மாறவில்லை. விலாயத் என்றால் சீமை. மரம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. முதல் தரக் கட்டை கிலோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனதுண்டு. மறையூரைக் களமாக்கி ஜி.ஆர். இந்துகோபன் எழுதிய மலையாளக் குறுநாவலுக்கும் 'விலாயத் புத்த' என்றுதான் பெயர்.

இப்போது அந்தச் சீமையிலிருந்தே சந்தனம் திரும்பி வருகிறது. கட்டையாக அல்ல, குப்பியில். மரமே இல்லாமல் செய்யப்பட்ட சந்தனம்.

நெதர்லாந்தில் ஐசோபயானிக்ஸ் என்று ஒரு கம்பெனி. ஜெர்மனியின் ரசாயன ராட்சசனான பி.ஏ.எஸ்.எஃப். அதை 2019-இல் வாங்கியது. அடுத்த ஆண்டே 'ஐசோபயானிக்ஸ் சாந்தலால்' என்ற பெயரில் ஒரு வாசனைப் பொருள் சந்தைக்கு வந்தது. மூலப்பொருள் மக்காச்சோள மாவுச்சத்து. வேலைக்காரன் ஒரு பாக்டீரியா. எஃகுத் தொட்டிக்குள் சர்க்கரையைத் தின்று, சந்தன மரம் தன் வைரத்தில் பல ஆண்டுகள் சேர்த்து வைக்கும் வாசனைப் பொருளை அது சில நாட்களில் கக்கிவிடுகிறது. ஸ்விட்சர்லாந்தின் ஃபிர்மெனிச் கம்பெனியும் (2023 முதல் டி.எஸ்.எம்.-ஃபிர்மெனிச்) இதே போன்ற சரக்கைக் கடைபரப்பியிருக்கிறது.

செயற்கைச் சந்தன வாசனை புதிதல்ல. ஊதுபத்தியிலும் மலிவான சோப்பிலும் 'சந்தனம்' என்று மூக்கில் ஏறுவது பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ரசாயன முறையில் செய்த வேறு பொருட்கள்தான். அவை சந்தனத்தைப் போல மணக்குமே தவிர சந்தனத்தில் இருப்பவை அல்ல. தொட்டியிலிருந்து வருவது அப்படியல்ல. மறையூர்க் கட்டையைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் அதே மூலக்கூறு. இந்த வித்தியாசம்தான் முக்கியம். மறையூர்க்காரர்கள் கவலைப்பட வேண்டியதும் (அல்லது வேண்டாததும்) இதைப் பற்றித்தான்.

வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாக இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே அட்டப்பாடி, தெற்கே ஆனைமலைத் தொடரின் மறுகோடியில் மறையூர். இரண்டும் கேரளத்துக்குள் இருந்தாலும் முகம் தமிழ்நாட்டுப் பக்கம். தென்மேற்குப் பருவமழை மலையின் அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுவதால் இங்கே வந்து சேர்வது மிச்சம் மீதி. பச்சைப் பசேலென்ற கேரளத்தில் இந்தக் காய்ந்த கிழக்குச் சரிவுகள்தான் சந்தனத்துக்குப் பிடித்த இடம். மூணாறிலிருந்து 40 கிலோமீட்டர் இறங்கினால் மறையூர். இன்னும் இறங்கினால் சின்னார், பிறகு உடுமலைப்பேட்டை. மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் குடியமர்ந்ததாகச் சொல்லப்படும் அஞ்சுநாட்டுக் கிராமங்கள் இங்கேதான். வீதியில் தமிழ் கேட்கும். கரும்பு விளையும். இங்கு காய்ச்சும் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காட்டுக்குள் முதுவர் குடிகள். வனத்துறைக் கணக்கில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சந்தன மரங்கள். அவற்றைக் காப்பதற்கென்றே 2005-இல் தனி வனக்கோட்டம் அமைத்தார்கள். மரத்துக்குக் காவல், வேலி, இரவு ரோந்து. அப்படியும் வெட்டிக்கொண்டு போகிறார்கள். வாளையார் பக்கம் கட்டைகள் பிடிபட்ட செய்தி பத்திரிகையின் உள்பக்கத்தில் அவ்வப்போது தலைகாட்டும்.

சந்தனம் ஒரு வேடிக்கையான மரம். பாதி ஒட்டுண்ணி. தன் வேரைப் பக்கத்துச் செடியின் வேரில் பொருத்தி உறிஞ்சிக்கொள்ளும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் நடுவில் வைரம் பிடிக்கத் தொடங்கும். நல்ல எண்ணெய் வேண்டுமென்றால் முப்பது ஆண்டுகளாவது பொறுக்க வேண்டும். வெளிமரத்தில் வாசனை கிடையாது. வேரில் அதிகம், ஆகவே வெட்டுவதில்லை, வேரோடு பிடுங்குவார்கள். அதாவது திரும்பத் துளிர்க்க வழியில்லை. திப்பு சுல்தான் 1792-இல் இதை அரச மரமாக (ஆலும் அரசுமல்ல, ராஜாவின் மரமாக) அறிவித்தார். அதற்குப் பின் வந்த வெள்ளைக்காரனும் சுதந்திர இந்தியாவும் அந்த வழக்கத்தை விடவில்லை. சொந்த நிலத்தில் முளைத்தாலும் மரம் சர்க்காருடையது. விளைவு, பட்டா நிலத்தில் சந்தனக் கன்று தலைகாட்டினால் விவசாயி பிடுங்கி எறிந்தான். கேஸ் வேண்டாம், திருடன் வேண்டாம். கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும்தான் நில உரிமையாளருக்கு மரத்தின் மேல் உரிமை தந்து சட்டத்தைத் திருத்தின. அதற்குள் வீரப்பன் காலமே கிட்டத்தட்ட முடிந்துவிட்டிருந்தது. 1950-களில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் வைரக்கட்டை தந்த நாட்டில் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்குள் அது சில நூறு டன்னாகச் சுருங்கியிருந்தது.

போதாததற்கு நோய் வேறு. இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கி, கிளைகள் முள்போல் விறைத்து நிற்கும் 'ஸ்பைக்' நோய் 1899-இல் குடகில் முதலில் பதிவானது. காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர். பூச்சி மூலம் பரவும். மருந்து கிடையாது. மறையூருக்கும் அது வந்து வெகுகாலமாகிறது. திருடனுக்கு வேலி போடலாம், பூச்சிக்கு எப்படிப் போடுவது?

இந்த நிலையில்தான் விஞ்ஞானிகள் மரத்தின் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

சந்தனத்தின் வாசனை ஒற்றைப் பொருள் அல்ல. ஆல்ஃபா சாந்தலால், பீட்டா சாந்தலால் என்ற இரண்டும்தான் பிரதானம். சர்வதேசத் தர நிர்ணயப்படி நல்ல இந்தியச் சந்தன எண்ணெயில் ஆல்ஃபா 41 முதல் 55 சதவீதம், பீட்டா 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும். அளவில் பெரியது ஆல்ஃபா. ஆனால் சந்தனம் என்று மூக்கு அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் பீட்டாவைத்தான். இவற்றை மரம் எப்படிச் செய்கிறது? பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு நீண்ட மூலக்கூறுதான் ஆரம்பம். ஈஸ்ட் முதல் மனிதன் வரை எல்லோர் உடம்பிலும் அது உண்டு. மரத்தில் இருக்கும் ஓர் என்ஸைம் அதைப் பிடித்து, மடித்து, சுருட்டி சாந்தலீன் என்ற பொருளாக்குகிறது. இன்னொரு என்ஸைம் அதன் ஒரு முனையில் ஆக்ஸிஜனை ஏற்றுகிறது. சாந்தலீன் சாந்தலாலாகிறது. இரண்டே படி.

முதல் படிக்கான மரபணுவை மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினரும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோர்க் போல்மன் குழுவினரும் சேர்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். அந்த என்ஸைம் ஒரு தாராள குணக்காரன் என்பது அப்போது தெரிந்தது. ஒரே மாவில் இட்லியும் ஊற்றுகிறான், தோசையும் வார்க்கிறான், மிச்சத்தில் பணியாரமும் சுடுகிறான். ஆல்ஃபா சாந்தலீன், பீட்டா சாந்தலீன், அதன் சகோதரன் ஒன்று, பெர்கமோட்டீன் என்று நான்கு பொருட்கள் ஒரே கையிலிருந்து. மரத்துக்கு இதில் ஆட்சேபணை இல்லை. கம்பெனிக்கு உண்டு. தொட்டியில் போட்ட சர்க்கரையில் ஒரு பங்கு வேண்டாத பொருளாகப் போனால் அது நஷ்டம், அதைப் பிரித்தெடுப்பது இன்னொரு நஷ்டம்.

இரண்டாவது படியில் தகராறு இன்னும் நுட்பமானது. சாந்தலாலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. அணுக்கள் அதே, எண்ணிக்கை அதே. ஓரிடத்தில் மட்டும் கை இந்தப் பக்கம் நீண்டால் 'இஸட்' வடிவம், அந்தப் பக்கம் நீண்டால் 'ஈ' வடிவம். சந்தன எண்ணெயில் இருப்பதும் மணத்துக்குக் காரணமும் இஸட். 2013-இல் போல்மன் குழு சந்தன மரத்திலிருந்தே பிடித்த ஆக்ஸிஜன் ஏற்றும் என்ஸைம்கள் பெரும்பாலும் ஈ வடிவத்தைத்தான் செய்தன. மரத்தில் கிடைப்பது ஒன்று, மரத்தின் என்ஸைம் சோதனைக் குழாயில் செய்வது வேறொன்று. அப்படியானால் உண்மையான சமையல்காரன் வேறு எங்கோ ஒளிந்திருக்க வேண்டும்.

அவனைத் தேட மூன்று ஆண்டுகள் பிடித்தன. மணம் பிறக்கும் இடம் வைரம். ஆகவே வைரம் உருவாகும் இடத்தில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தார்கள். 2016-இல் சிக்கியது சி.ஒய்.பி. 736ஏ167. லாரி நம்பர் மாதிரி ஒரு பெயர். ஆனால் கைநேர்த்தி அபாரம். சாந்தலீன் எதைக் கொடுத்தாலும் பிசகாமல் இஸட் வடிவத்தில்தான் திருப்பித் தந்தது. அசல் எண்ணெயோடு ஒப்பிட்டால் பொருந்தியது. அத்தோடு சந்தனத்தின் சமையல் குறிப்பு முழுமையாகிவிட்டது. அதை ஈஸ்டுக்கோ பாக்டீரியாவுக்கோ கற்றுக்கொடுப்பது இனி மரபணுப் பொறியாளரின் வேலை.

கற்றுக்கொடுப்பதோடு அவர்கள் நிற்பதில்லை, சமையல்காரனையே திருத்துகிறார்கள். என்ஸைம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு மாலை. சுருண்டு மடங்கி நடுவில் ஒரு குழியை உண்டாக்கிக்கொள்ளும். மூலக்கூறு அந்தக் குழிக்குள் விழுந்து எப்படி மடங்குகிறதோ அதைப் பொறுத்தே என்ன பொருள் வரும் என்பது தீர்மானமாகிறது. குழியின் ஓரத்தில் இருக்கும் ஒன்றிரண்டு மணிகளை மாற்றிக் கோத்தால் குழியின் வடிவம் மாறும், பலகாரமும் மாறும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜே கீஸ்லிங் குழு 2006-இல் இதை அட்டகாசமாக ருசுப்படுத்தியது. ஃபர் மரத்தின் ஓர் என்ஸைம் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொருட்களைச் செய்துகொண்டிருந்தது. குழியோரத்து மணிகளை மாற்றி அதிலிருந்து ஏழு புதிய என்ஸைம்களை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றும் பிரதானமாக ஒவ்வொரு பொருளை மட்டும் செய்தது. எந்த மணியை மாற்றுவது என்று தெரியாதபோது கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கில் மாற்றிப் பார்த்து, நன்றாக வேலை செய்வதை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி மாற்றிப் பார்ப்பது இன்னொரு வழி. நாற்றங்காலில் நல்ல பயிரைத் தேர்ந்து விதைக்கு எடுக்கும் விவசாயி செய்வதும் இதுதான். இதற்காக பிரான்சிஸ் ஆர்னால்டுக்கு 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

சில நேரம் திருத்த வேண்டிய அவசியமே இருக்காது, வேறு மரத்தில் ஒழுங்கான வேலைக்காரன் கிடைப்பான். கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவான சீனப் பழமரம் ஒன்றின் என்ஸைம் ஆல்ஃபா சாந்தலீனை மட்டுமே ஏறக்குறையச் சுத்தமாகச் செய்யும். ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2012-இல் அதை ஈஸ்டுக்குள் வைத்து வேலை வாங்கினார்கள். சந்தன வாசனையே இல்லாத ஒரு மரத்தில் சந்தனத்தின் முதல் படி! ஆனால் சுலபமாகச் சுத்தமாகக் கிடைப்பது ஆல்ஃபா. மூக்கு தேடுவது பீட்டா. இயற்கை இந்த மாதிரி விளையாட்டுகளில் தேர்ந்தது.

இந்திய விஞ்ஞானிகள் கைகட்டி நிற்கவில்லை. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ஹெச்.வி. துளசிராம் குழு சந்தனத்தின் என்ஸைம்களை ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. 2018-இல் பெங்களூரைச் சேர்ந்த விஞ்ஞானிகள் சந்தன மரத்தின் முழு மரபணு வரிசையையும் படித்துக் கொடுத்தார்கள். படித்தது இங்கே. ஆனால் அந்தப் படிப்பைச் சரக்காக்கி விற்பதில் முந்திக்கொண்டது ஐரோப்பா.

இதே ஜெர்மன் கம்பெனியை வரலாறு தெரிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1897-இல் செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் பி.ஏ.எஸ்.எஃப்.தான். பீகாரின் அவுரி வயல்கள் அடுத்த சில ஆண்டுகளில் மடமடவென்று சுருங்கின. சந்தனத்துக்கும் ஜெர்மனிக்கும் பழைய பந்தம் உண்டு. முதல் உலகப் போர் வரை மைசூர்க் கட்டை எண்ணெய் வடிக்க அங்கேதான் கப்பலேறிக்கொண்டிருந்தது. போர் வந்து கப்பல் நின்றதால்தான் 1916-இல் மைசூரில் சொந்த எண்ணெய் ஆலை பிறந்தது, பின்னாலேயே மைசூர் சாண்டல் சோப்பும்.

இடுக்கிக்கு அவுரி நினைவு இல்லாமல் இருக்கலாம். வனிலா நினைவு இருக்கிறது. 2003 வாக்கில் வனிலாவின் பச்சைக் காய் கிலோ மூவாயிரம் ரூபாயைத் தாண்டியபோது மிளகுக் கொடியைப் பிடுங்கிவிட்டு வனிலா நட்டவர்கள் உண்டு. கொடிக்குக் காவலாக நாய் வளர்த்தார்கள், இரவெல்லாம் டார்ச்சோடு திரிந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் விலை நூறு ரூபாய்க்குக் கீழே விழுந்தது. மடகாஸ்கரில் விளைச்சல் தேறியது ஒரு காரணம். விலை ஏறியபோது ஐஸ்கிரீம் கம்பெனிகள் செயற்கை வனிலினுக்குத் தாவி அங்கேயே தங்கிவிட்டது இன்னொரு காரணம். நட்டவனுக்கு இந்த இரண்டில் எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் தொட்டிதான் எப்போதும் ஜெயிக்கும் என்று எழுதி வைத்துவிட வேண்டாம். மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் கதை இதற்கு நேர்மாறு. கீஸ்லிங் கண்டுபிடித்த ஈஸ்ட் முறையில் சனோஃபி கம்பெனி 2013-இல் இத்தாலியில் உற்பத்தி தொடங்கியபோது, சீனாவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்தச் செடியைப் பயிரிடுபவர்கள் தலையில் துண்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிலோ 350 டாலருக்குக் குறையாமல் விற்றால்தான் தொட்டிக்குக் கட்டும். செடியிலிருந்து எடுத்ததோ 250 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. 2016-இல் சனோஃபி ஆலையை விற்றுவிட்டு ஒதுங்கியது. செடி ஆறு மாதப் பயிர், விலைக்கேற்ப நடலாம், விடலாம். முப்பது ஆண்டுச் சந்தனத்துக்கு அந்தச் சௌகரியம் இல்லை. இன்று நடுகிறவன் தன் மகன் காலத்துச் சந்தையை ஊகிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கனனரா என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இந்தியச் சந்தனத்தை நட்டு முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டிய குவின்டிஸ் கம்பெனி 2018-இல் கடனில் மூழ்கியது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏக்கருக்குக் கோடி என்று சந்தனக் கன்று விற்பவர்களின் விளம்பரத்தில் குவின்டிஸும் வருவதில்லை, நெதர்லாந்துத் தொட்டியும் வருவதில்லை.

இன்னொரு கேள்வி சட்டம் சம்பந்தப்பட்டது. கனடா-ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஆராய்ந்தது ஆஸ்திரேலியத் தோட்டத்து மரங்களை. மறையூருக்கு வந்து ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கவில்லை. மரபணு வரிசை என்பது வெறும் எழுத்துத் தொடர். இணையத்திலிருந்து எடுத்து ஆய்வகத்திலேயே அச்சடித்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2002-ஆம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டம் நாட்டை விட்டு வெளியே போகும் வேரையும் விதையையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. எழுத்துத் தொடருக்குச் சுங்கச்சாவடி எங்கே போடுவது? இதைப் பற்றி நாடுகள் பல ஆண்டுகள் பேசி, 2025 பிப்ரவரியில் காலி நிதி என்ற ஒன்றைத் தொடங்கின. இப்படிப்பட்ட மரபணுத் தகவலால் லாபம் பார்க்கும் கம்பெனிகள் ஒரு பங்கைத் தர வேண்டும், அதில் பாதியாவது பழங்குடியினருக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டாயம் இல்லை. தர விரும்புகிறவர்கள் தரலாம். கம்பெனிகளின் விருப்பம் எவ்வளவு என்பதை ஊகிக்கப் பெரிய பட்டம் தேவையில்லை.

இதே கேரளத்தில் முன்னுதாரணம் இல்லாமலில்லை. அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து திருவனந்தபுரம் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சிக்கூடம் ஒரு மருந்து தயாரித்து, 1990-களில் கோவை ஆர்ய வைத்திய பார்மஸிக்கு உரிமம் தந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு. உலகமே மேற்கோள் காட்டிய ஒப்பந்தம் அது. அங்கே செடியைக் காட்டியவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல முடிந்தது. சந்தனம் மணக்கும் என்பதைக் காட்டிக்கொடுத்தவர் யார்? கல்லில் உரசி நெற்றியில் இட்ட முதல் ஆளைத் தேட முடியாது. ஆனால் மறையூர்க் காட்டில் இரவுக் காவல் நின்றவர்கள் இன்னார் என்று சொல்லலாம். அந்த மரங்கள் மிஞ்சியிருப்பதற்கு அவர்கள்தான் காரணம். காலி நிதியின் விதிகளில் காவல் கூலிக்கு ஒரு பத்தி உண்டா என்று யாரும் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை.

தொட்டிச் சந்தனத்தால் மறையூர்க் காட்டுக்கு நன்மையே என்று வாதிடுபவர்களும் உண்டு. எண்ணெய் மலிந்தால் கள்ளக் கட்டைக்கு மவுசு குறையும், மரம் பிழைக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறையூர் ஏலத்தில் கர்நாடக சோப்பு நிறுவனத்தோடு போட்டியிடுபவர்களில் கோயில்களும் உண்டு. குருவாயூரில் களபத்துக்குக் கட்டை வேண்டும். கல்லில் உரசுவதற்குக் குப்பி உதவாது. அந்தத் தேவை இருக்கும் வரை திருடனுக்கும் வேலை இருக்கும்.

இத்தனைக்கும் நடுவே மரம் வளர்ப்பவருக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்று அந்த லாரி நம்பருக்குள் இருக்கிறது. ஒரே நாளில் நட்டு ஒரே மாதிரி வளர்ந்த சந்தன மரங்களில் ஒன்றில் வைரம் கையகலம் இருக்கும், அடுத்ததில் ஒன்றுமே இருக்காது. துளையிட்டுப் பார்க்கும் வரை தெரியாது. துளையிடுவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எண்ணெய் செய்யும் மரபணுக்கள் இன்னவை என்று தெரிந்துவிட்டதால், அவற்றை விழிக்கச் செய்வது எது, எந்தக் கன்றில் அவை சீக்கிரம் விழிக்கும் என்று நாற்றங்காலிலேயே இலையைச் சோதித்துச் சொல்ல வழி பிறக்கலாம். இதற்கு எஃகுத் தொட்டி வேண்டாம். பெங்களூர் மர ஆராய்ச்சி நிறுவனமும் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனமும் கையில் வைத்திருக்கும் வசதிகளே தொடங்குவதற்குப் போதும். மறையூரில் ஸ்பைக் கண்ட மரங்களை வெட்டி அகற்றிய இடங்களில் எந்தத் தாய்மரத்தின் விதையைப் போடுவது என்று தீர்மானிக்க வேண்டியவர்களுக்கு, மக்காச்சோளத்தில் கிடைக்கும் சாந்தலாலைவிட இந்தத் தகவல்தான் முதலில் தேவைப்படும்.